இருபத்து மூன்று வங்கு: லெகோவில் ஒரு ஒல்லாந்தக் கப்பல் கட்டிய அனுபவம்

குளச்சல் கடற்கரையில் நிற்கும் போர் வெற்றித் தூணைப் பார்க்காத குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் குறைவு. என் மகள் அதை முதலில் பார்த்தது மூன்றாம் வகுப்பில். ஏழாம் வகுப்பில் இன்னொரு முறை கூட்டிப் போனபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அப்பா, ஒல்லாந்தர் தோத்தாங்க, சரி. அவங்க வந்த கப்பல் எப்படி இருந்திருக்கும்?"

நாங்கள் இருப்பது தக்கலைப் பக்கம். உதயகிரிக் கோட்டை எங்களுக்கு நடக்கிற தூரம். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிக்கி, பிறகு அதே படைக்குப் பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கிய ஒல்லாந்தப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். இறந்த வருடம் 1777. இந்தக் கரையின் மீனவர்களான முக்குவர்கள் துடுப்புகளைத் தோளில் வைத்து வரிசையாக நின்று, பெரிய துப்பாக்கிப் படை நிற்பதுபோல் காட்டினார்கள் என்ற கதையையும் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கப்பலைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

வீட்டில் லெகோ கட்டைகள் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தன. துபாயில் இருக்கும் என் மச்சினன் ஊருக்கு வரும்போதெல்லாம், பழைய கட்டைகளைக் கிலோ கணக்கில் வாங்கிப் பெட்டியின் ஓரத்தில் திணித்துக்கொண்டு வருவான். கப்பலையே கட்டிப் பார்த்துவிடலாம் என்று நாங்கள் இறங்கியது அப்படித்தான். மூன்றே கால் வருடம் ஆயிற்று. இப்போது எங்கள் முன்னறையில் 1.2 மீட்டர் நீளத்தில், பதினாலாயிரம் சொச்சம் கட்டைகளோடு, 16 கிலோ எடையில் அது நிற்கிறது. இதேபோல் பெரிதாக ஒன்று கட்ட நினைப்பவர்களுக்கு உதவும் என்பதற்காக, எங்கே தவறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கப்பல் என்பது. முழு அளவில் அச்சு அசலாகத் திரும்பக் கட்டிய நகலோ, கெடாமல் மீட்ட உடலோ இருக்கும் கப்பலையே எடுங்கள். ஓவியத்தைப் பார்த்துக் கட்டினால் ஒரு பக்கம்தான் தெரியும், மறுபக்கத்தை நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் குளச்சல் போருக்குச் சில வருடங்கள் பிந்திய, அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கட்டிய 'ஆம்ஸ்டர்டாம்' கப்பலை எடுத்துக்கொண்டோம். அது 1748-ல் கட்டி முடிந்து, முதல் பயணத்திலேயே 1749 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் அருகே கரைதட்டிப் போனது. நீர் நன்றாக வற்றும்போது அதன் மரங்கள் இன்றைக்கும் மணலில் தெரியும். 1985-க்கும் 1990-க்கும் இடையில் அதன் முழு அளவு நகலைக் கட்டி, ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கடல்சார் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் படம் கிடைக்கிறது.

அடுத்தது அளவு. அந்தக் கப்பல் 150 அடி வகை. ஆனால் ஆம்ஸ்டர்டாம் அடி என்பது நம் அடி அல்ல, 28.3 செ.மீ.தான். ஆக உடல் மட்டும் சுமார் 42.5 மீட்டர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தோடு சேர்த்தால் 48 மீட்டர். லெகோ மனிதப் பொம்மையின் உயரம் 4 செ.மீ. இருக்கும். நாற்பதால் பெருக்கினால் 1.6 மீட்டர், அந்தக் காலத்து மாலுமிக்குப் பொருத்தமான உயரம். அதனால் நாற்பதில் ஒரு பங்கு என்று முடிவு செய்தோம். உடல் 106 செ.மீ. வந்தது. கட்டையின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மி.மீ. என்பதால் நீளம் 132 குமிழ். அகலம் 36 குமிழ். பொம்மையைத் தளத்தில் நிறுத்திப் பார்த்துக் கதவு உயரம், படிக்கட்டு, பீரங்கித் துவாரம் எல்லாவற்றையும் அதை வைத்தே சரிபார்க்கலாம். இது பெரிய வசதி.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு. அந்தத் தைரியத்தில் சாதாரணக் கிராஃப் தாளில், ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டை என்று கணக்கு வைத்து, நடுப்பகுதியின் குறுக்குவெட்டை வரைந்தேன். உயரம் 24 செ.மீ. வர வேண்டும். 8 மி.மீ.க்கு ஒரு கட்டம் என்றால் 30 கட்டம். மகள் 30 வரிசை அடுக்கினாள். அளந்து பார்த்தால் 28.8 செ.மீ.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. லெகோ கட்டை சதுரம் இல்லை. அகலம் 8 மி.மீ., உயரம் 9.6 மி.மீ. ஐந்துக்கு ஆறு. சதுரக் கட்டத்தில் வரைந்தால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரத்தில் வந்து நிற்கும். 4.8 செ.மீ. சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். நாற்பதால் பெருக்கிப் பாருங்கள், நிஜக் கப்பலில் ஏறக்குறைய இரண்டு மீட்டர், ஒரு ஆள் உயரத்துக்கும் மேல். அதற்குப் பிறகு அகலம் ஐந்து, உயரம் ஆறு என்ற கணக்கில் நானே கட்டம் போட்டுத் தாள் அச்சடித்துக்கொண்டேன். சரியான உயரம் 25 வரிசை. ஒவ்வொரு வரிசையையும் மூன்றாகப் பிரித்து மெல்லிய கோடும் போட்டேன். ஏனென்றால் ஒரு கட்டையின் உயரம் மூன்று பிளேட் (பிளேட் என்பது மெல்லிய தட்டைக் கட்டை), ஒரு பிளேட் 3.2 மி.மீ. வளைவை வரையும்போது அந்த மெல்லிய கோடுகள்தான் உதவும். ஐந்து பிளேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்துவதெல்லாம் இந்த ஒரு கணக்கை நம்பித்தான் நடக்கிறது. இதைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் சரியான பிறகு வேகமாக அடுக்க ஆரம்பித்தோம். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் வெளியே தள்ளி, செங்கல் சுவர் எழுப்புகிற மாதிரி. நாலு மாதத்தில் பாதி உயரம் வந்துவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் கப்பல் மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்தால் தெப்பக்குளத்துப் படிக்கட்டு. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் வாய் பிளந்தது.

எங்கள் தெருவில் ஒரு ஆசாரி இருக்கிறார். எழுபது தாண்டியவர். குளச்சல், தேங்காய்ப்பட்டினம் கரைகளில் நாற்பது வருடம் வள்ளமும் விசைப்படகும் கட்டியவர். நான் அண்ணாச்சி என்பேன், மகளுக்குப் பாட்டா. ஒருநாள் சாயங்காலம் வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, இதுக்கு வங்கு எங்க?"

வங்கு என்றால் படகின் விலா எலும்பு. அடியில் ஓடுகிற நெடுமரம் ஏரா. ஏராவின் மேல் வங்குகளை வரிசையாக நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பார்கள். எங்கள் கப்பலில் ஏராவும் இல்லை, வங்கும் இல்லை. வெறும் தோல்தான் நின்றுகொண்டிருந்தது.

"பலகை என்ன செய்யும்? தண்ணிய வெளிய நிறுத்தும், அவ்வளவுதான். கப்பலத் தாங்குறது உள்ள இருக்கது. உள்ள உள்ளத மொதல்ல செய்யி. பொறவு தோலப் பத்தி யோசி" என்றார்.

மறுநாள் முதல் பிரித்தோம். நாலு மாத வேலை, பிரிக்க ஒரு வாரம். மகள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம்தான் இந்தக் கப்பல் பிழைத்ததற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். அளவு பெரிதாகும்போது பொம்மையின் கணக்கு வேறு. முப்பது செ.மீ. நீளமுள்ள கப்பலுக்கு வெளிச்சுவர் மட்டும் போதும், தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். ஒரு மீட்டர் தாண்டினால் உள்ளே எலும்பு வேண்டும்.

இரண்டாவது முறை ஏராவிலிருந்து தொடங்கினோம். பக்கவாட்டில் துளையிட்ட 'டெக்னிக்' வகை லெகோ கட்டைகளை மூன்று வரிசையாக அடுக்கி, குறுக்கே துளைகளில் இணைப்பு முள் செருகி, மேலும் கீழும் நீளப் பிளேட்டால் மூடினோம். மூட்டுகள் ஒன்றுக்கு நேர்மேலே இன்னொன்று வரவே கூடாது. கொத்தனார் செங்கலில் மூட்டு மாற்றி வைப்பதுபோல, ஒவ்வொரு மூட்டும் கீழுள்ள கட்டையின் நடுவில் விழ வேண்டும். அதன்மேல் வங்குகள். நடுப்பகுதியில் 8 குமிழுக்கு ஒன்று, வளைவு வேகமாக மாறுகிற அணியத்திலும் அமரத்திலும் 4 குமிழுக்கு ஒன்று. மொத்தம் 23. (அணியம் கப்பலின் முன்பக்கம், அமரம் பின்பக்கம். நம் கடற்கரையில் இன்றும் புழங்குகிற சொற்கள். மகள் கட்டைப் பெட்டிகளிலும் இதையே எழுதி ஒட்டினாள்.) ஒவ்வொரு வங்கையும் தாளில் தனியாக வரைந்து, தாளின் மேலேயே படுக்கவைத்துக் கட்டி, சரிபார்த்த பிறகுதான் ஏராவில் நிறுத்தினோம்.

23 வங்கும் நின்ற அன்றைக்கு அண்ணாச்சி ஒரு கமுகு வாரியோடு வந்தார். விரலளவு அகலம், ஒன்றரை மீட்டர் நீளம், நாணல் மாதிரி வளையும். அதை வங்குகளின் வெளிவிளிம்பில் அணியத்திலிருந்து அமரம் வரைக்கும் படியவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தார். மகளையும் பார்க்கச் சொன்னார். ஏழாவது வங்கில் வாரி முட்டி வெளியே தள்ளியது. எட்டில் படியவே இல்லை, அடியில் காகிதம் நுழைகிற அளவுக்கு வெளிச்சம். தாளில் இரண்டும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் வாரி பொய் சொல்லாது. ஏழில் ஒரு பிளேட்டைக் கழற்றி, எட்டில் ஒன்றைச் சேர்த்தோம். திரும்ப வாரியை வைத்தபோது அது சத்தமில்லாமல் எல்லா வங்கிலும் ஒட்டிப் படுத்தது. "இனி பலகை தானா போவும்" என்றார். போயிற்று. கமுகு கிடைக்காதவர்கள் மூங்கில் பிளாச்சு வைத்துக்கொள்ளலாம். கணினியில் வரைந்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற வளைவு வேறு.

பலகைக்கு ஒற்றைக் குமிழ் அகலமுள்ள நீளப் பிளேட்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டோம். வங்கில் ஆங்காங்கே பக்கக் குமிழ் உள்ள கட்டைகளை வைத்து, அதில் பிளேட்டை அழுத்துவது. ஒரே நீளப் பிளேட்டை வலிந்து வளைக்கக் கூடாது. அன்றைக்கு நிற்கும், ஆனால் சில மாதத்தில் வெளுத்துக் கோடு விழும், அல்லது ஒரு நாள் ராத்திரி 'டக்' என்று தானே கழன்று விழும். ஆறு குமிழ், எட்டுக் குமிழ் நீளத் துண்டுகளாகப் போட்டு, மூட்டு மாற்றி இரண்டு அடுக்காக வைத்தால், ஒவ்வொரு மூட்டிலும் இருக்கும் மயிரிழை இடைவெளிகள் சேர்ந்தே வளைவைக் கொடுத்துவிடும். எதையும் வளைக்க வேண்டியதில்லை. அணியத்தின் கன்னத்தில் மட்டும் இது போதவில்லை. அங்கே கீல் போட்ட பிளேட்டுகளில் ஆறு தனிப் பாளங்களாகச் செய்து தொங்கவிட்டோம்.

ஒல்லாந்தக் கப்பலின் உடல், தண்ணீர் மட்டத்துக்கு மேலே போகப் போக உள்ளே சாயும். பீரங்கிகளின் பாரம் நடுக்கோட்டை நெருங்கி இருக்க வேண்டும் என்பதற்காக. இதைக் கவனிக்காமல் சுவரை நேராக எழுப்பினால் சரக்கு லாரி மாதிரி தெரியும். பக்கங்களைக் கீலில் தொங்கவிட்டு, மேலே தளத்தோடு முள் போட்டுப் பிடித்ததில் அந்தச் சாய்வு வந்தது.

தளம் கட்டும்போது இன்னொன்று நடந்தது. இடப்பக்கம் நான், வலப்பக்கம் மகள் என்று பிரித்துக்கொண்டோம். வேலை சீக்கிரம் முடியுமே என்று. முடிந்த பிறகு பீரங்கித் துவாரங்கள் எதிரெதிரே பொருந்தவில்லை. நான் அமரத்திலிருந்து எண்ணியிருக்கிறேன், அவள் அணியத்திலிருந்து எண்ணியிருக்கிறாள். அப்போதுதான் ஸ்வீடனின் 'வாசா' கப்பலைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. 1628-ல் முதல் நாளே, ஒன்றே கால் கிலோமீட்டர் ஓடியதும் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே கவிழ்ந்து, 1961-ல் மேலே கொண்டுவரப்பட்ட கப்பல். மேல்பாரம்தான் கவிழ்ந்ததற்குக் காரணம். ஆனால் மீட்ட உடலில் தச்சர்களின் அளவுகோல்கள் நாலு கிடைத்தன. சில ஸ்வீடிஷ் அடி, பன்னிரண்டு அங்குலம். சில ஆம்ஸ்டர்டாம் அடி, பதினொரு அங்குலம். ஒரே கப்பலில் இரண்டு அடி. உடலின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. இதை மகளுக்குச் சொன்னதும் அவளே ஒரு அட்டையில் 1 முதல் 132 வரை எண் எழுதி ஏராவின் அடியில் ஒட்டினாள். எண் அணியத்திலிருந்து. வீட்டில் யார் பேசினாலும் "ஐம்பத்தாறாவது குமிழ்" என்றால் எல்லாருக்கும் ஒரே இடம். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலையில் இந்த அட்டையைவிட உபயோகமான கருவி எதையும் நான் பார்க்கவில்லை.

கட்டைகளைப் பற்றிக் கொஞ்சம். பழைய கட்டை வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். மொட்டை வெயிலில் காயவைக்காதீர்கள், வெள்ளை மஞ்சளாகிவிடும். துண்டை விரித்து ஃபேனுக்கு அடியில் பரப்புவதே போதும். ஆனி ஆடி மழையில் கட்டைகளின் உட்குழலில் நீர் தங்கி இரண்டு நாள்கூட ஆகும். பிரித்து வைக்கும்போது நிறத்தின்படி பிரிக்காமல் வடிவத்தின்படி பிரியுங்கள். நாங்கள் முதலில் நிறத்தின்படி பிரித்தோம். கபில நிற டப்பாவில் கபில நிறத்துச் சின்னக் கீல் ஒன்றைத் தேடுவது கடலில் உப்பைத் தேடுகிற கதை. கீல்கள் மட்டும் உள்ள டப்பாவில் கபில நிறம் தானே கண்ணில் படும். உள் எலும்புக்கு என்ன நிறமும் போடலாம். எங்கள் கப்பலின் வங்குகள் மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று திருவிழாப் பந்தல் மாதிரி இருக்கின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. செலவு பாதியாகக் குறைந்தது இதனால்தான். காசை வெளித்தோலுக்கும் தளத்துக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

அடிப்பாகத்தை வெள்ளையாக விட்டோம். அந்தக் காலத்தில் மரத்தைத் துளைக்கும் புழுவுக்குப் பயந்து கொழுப்பும் பிசினும் கந்தகமும் கலந்த வெள்ளைப் பூச்சை அடியில் பூசுவார்கள். கிழக்கே வரும் கம்பெனிக் கப்பல்களுக்கு அதற்கும் மேலாகப் பைன் பலகையில் இன்னொரு தோல் அடித்து, பெரிய கொண்டை ஆணிகளை நெருக்கமாக அறைவார்கள். அண்ணாச்சியிடம் சொன்னபோது, "நாங்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவோம். புழு கிட்ட வராது" என்றார். பிறகு அரை மணி நேரம் எண்ணெய் காய்ச்சுகிற பக்குவத்தை மகளுக்கு விளக்கினார்.

பாய்மரங்கள் மூன்று. இவற்றைத் தளத்தின் மேலே குத்தி நிறுத்தினால் நிற்காது. நிஜக் கப்பலில் பாய்மரம் தளங்களைத் துளைத்துக்கொண்டு அடி வரைக்கும் இறங்கும். அதேபோல் எங்களுடையதும் ஏரா வரைக்கும் போகிறது. இரண்டுக்கு இரண்டு வட்டக் கட்டைகளை அடுக்கி, நடுத்துளையில் சிலுவை வடிவ அச்சுத் தண்டைச் செருகினோம். கிடைக்கிற அச்சில் மிக நீளமானது 32 குமிழ், 25.6 செ.மீ.தான். நடுப் பாய்மரத்துக்கு ஆறு அச்சு வேண்டியிருந்தது. அச்சின் மூட்டும் வட்டக் கட்டையின் மூட்டும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் மரம் உறுதியாக நிற்கும். பருமல்களை, அதாவது பாய் தொங்கும் குறுக்கு மரங்களை, கழற்றி மாட்டும்படி கிளிப்பில் வைத்தோம். தூசி தட்டும்போது அதன் அருமை தெரியும்.

கயிறு கட்டுவது தனி வேலை. முதலில் கடற்கரைக் கடையிலிருந்து கறுப்பு நைலான் வலை நூல் வாங்கி வந்து சித்திரை மாதத்தில் இழுத்துக் கட்டினேன். வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக நின்றது. ஆனி பிறந்து மழை பிடித்ததும் எல்லாம் தொய்ந்து தொட்டில் கயிறு ஆயிற்று. மறுபடி இழுத்தேன். மழை ஓய்ந்ததும் நடுமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நைலான் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து நீளும், காய்ந்தால் சுருங்கும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்கிற நம் மாவட்டத்தில் நைலானை வைத்து அழகு பார்க்க முடியாது. பாலியெஸ்டர் தையல் நூலுக்கு அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

ஆனால் தையல் நூல் ரொம்ப மெல்லியது. அதற்கு வழி காட்டியது கயிறு திரிக்கும் இடம். ஊரில் தேங்காய் நாரில் கயிறு திரிப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூன்று நூலைக் கதவின் கொண்டியில் கட்டி, மறுமுனையைக் கை டிரில்லில் மாட்டித் திரித்தோம். ஒவ்வொரு இழையையும் முதலில் வலமாக முறுக்க வேண்டும். முறுக்கேறிய மூன்றையும் சேர்த்து இடமாக விட வேண்டும். அப்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிரியாமல் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் முறுக்கினால், விட்ட உடனே பாம்பு மாதிரி சுருண்டுவிடும். மகளுக்கு இது இரண்டாவது நாளே கைவந்துவிட்டது. எனக்கு ஒரு வாரம் பிடித்தது. தடித்த கயிறு ஆறு இழை, நடுத்தரம் மூன்று இழை என்று இரண்டு கனம் போதும்.

கட்டும் வரிசையும் முக்கியம். ஒரு பக்கத்துக் கயிறுகளை எல்லாம் கட்டி முடித்துவிட்டு மறுபக்கம் போனால், மரம் முதல் பக்கத்துக்கு வளைந்துவிடும். இடப்பக்கம் ஒன்று, உடனே வலப்பக்கம் ஒன்று. முன்னால் இழுக்கும் கயிற்றைக் கட்டும்போது பின்னால் இழுக்கும் கயிறும் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்குப் பிறகும், நூலில் ஒரு நட்டைக் கட்டித் தூக்குக் குண்டாக விட்டு மரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தோம்.

பாய்க்குக் கட்டை ஒத்துவராது, துணிதான். என் அப்பாவின் பழைய மல் வேட்டியைப் பிரித்தோம். அம்மா மரச்சீனி மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஊதிய பலூன்களின்மேல் ஈரத்துணியைப் படியவைத்துக் காயவைத்தால், காற்றில் புடைத்த வடிவம் அப்படியே நிற்கும். பார்க்க மிக அழகாக இருந்தது. மூன்றாவது வாரம் மேல்பாயில் ஓட்டை. கரப்பான்பூச்சிக்குக் கஞ்சி பிடித்துவிட்டது. எல்லாப் பாய்களையும் அலசி, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் ஒன்றுக்கு மூன்றாகக் கரைத்து, திரும்பவும் பலூனில் போட்டோம். இப்போது ஒன்றரை வருடமாக எந்தப் பூச்சியும் தொடவில்லை. துணியின் ஓரத்தை மடித்துத் தைக்காதீர்கள். இந்த அளவில் தையல் கயிறு மாதிரி தடிப்பாகத் தெரியும். பசையில் நனைத்துக் காய்ந்த பிறகு கத்தரித்தால் நூல் பிரியாது.

தாங்கி விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் நடுப்பக்கமாக இரண்டு இடத்தில் மட்டும் முட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து, ஏராவின் அடியில் நூல் பிடித்துப் பார்த்தால் இரு முனைகளும் 4 மி.மீ. தொங்கியிருந்தன. பிளாஸ்டிக் ஒரேயடியாக உடையாது, பாரத்தில் மெல்ல மெல்ல இறங்கும். பழைய மரக் கப்பல்களுக்கும் இதே நோய் உண்டு. நடுவில் தண்ணீர் தாங்கும், ஒடுங்கிய முனைகளில் தாங்காது, வயதாக ஆக முதுகு வளையும். அண்ணாச்சி அயனி மரத்தில் நாலு முட்டு உள்ள தாங்கி ஒன்றைச் செய்து கொடுத்தார். படகுக்கு எடுத்த பலகையில் மிஞ்சிய துண்டாம், முப்பது வருடமாகப் பரணில் கிடந்தது. கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இப்போது மாதம் ஒருமுறை நூல் பிடித்துப் பார்க்கிறேன். அதன்பிறகு அசையவில்லை.

உடலை ஐந்து பாகமாகக் கழற்றும்படி கட்டியதும் அவர் யோசனைதான். வாசல் நிலையின் அகலத்தை அளந்தீர்களா என்று கேட்டார். அளந்திருக்கவில்லை. போன வருடம் மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு டெம்போவில் ஐந்து பெட்டிகளாக ஏற்றிப் போனோம். ஒரு வேகத்தடையில் பின் பாய்மரம் மட்டும் விழுந்தது. பெட்டிக்குள் பழைய தலையணையை அடைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் திரும்ப நிறுத்திவிட்டோம். அங்கே ஒரு சின்னப் பையன், "இதுல உள்ள ஆளுங்கதான் நம்ம குளச்சல்ல தோத்தாங்களா?" என்று கேட்டான். மகள் அவனுக்கு ஒரு பக்கத் தளத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் வண்ண வங்குகளைக் காட்டினாள். அவன் கப்பலின் வெளிப்பக்கத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

கடற்காற்று படும் வீட்டில் தூசி வெறும் தூசியாக இருக்காது, உப்புப் பிசுக்கோடு ஒட்டும். மேக்கப் போடும் மெல்லிய பிரஷ் வாரம் ஒரு தடவை, மாதம் ஒரு தடவை ஈரத்துணி. தாங்கியில் இரும்பு ஆணி வேண்டாம், ஒரே மழையில் துரு இறங்கி அடிப்பாகத்தைக் கறையாக்கும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒல்லாந்தக் கப்பல்களின் அணியத்தில் பாய்கிற சிங்கம் ஒன்று இருக்கும். கட்டைவிரல் அளவில் அதைச் செய்ய வேண்டும். மகள் இதுவரை ஐந்து சிங்கம் செய்துவிட்டாள். ஐந்தாவதுக்குப் பிடரி நன்றாக வந்திருக்கிறது, முன்கால்கள் மட்டும் உட்கார்ந்த மாதிரி இருக்கின்றன. அதைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், சின்னக் கிளிப்புகள் உள்ள டப்பாவை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறாள்.